அப்பாவின் போனில் வந்த செய்தி

எங்கள் பாடசாலையில் பிள்ளைகளின் போன்களை வகுப்புக்குள் விட வைத்தவள் நான்தான். அதற்காக அதிபரோடு மூன்று முறை பேச வேண்டியிருந்தது. கண்டி நகரத்தின் விளிம்பில், மலைச்சரிவில் நின்ற சின்னப் பாடசாலை அது. பிள்ளைகளில் பாதிப் பேர் டவுனிலிருந்து வருவார்கள். மற்றப் பாதி ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும். நான் கெலிஓயாவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன்.

கடதாசி கிடைக்காமல் போன காலம் அது. தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடிக்கவே வழியில்லை. பாடசாலைகள் மூடிக் கிடந்த மாதங்களில் வீட்டுக்கு ஒன்றென்று எப்படியோ போன்கள் வந்திருந்தன. பிள்ளைகள் அவற்றில் பாடம் கேட்டுப் பழகியிருந்தார்கள். திரும்பவும் வகுப்புக்கு வந்தபோது, போன் கொண்டுவந்தால் பெற்றோரைக் கூட்டி வர வேண்டும் என்ற பழைய சட்டம் அப்படியே இருந்தது. எனக்கு அது அநியாயமாகப் பட்டது.

"சேர், வினாத்தாள போன்லயே அனுப்பலாம். நுணுக்குக்காட்டி எங்கள்ட்ட ஒண்டுதானே ஈக்கி, அதுவும் உடைஞ்சி. போன் கெமராவுக்கு மேல ஒரு சின்ன வில்லைய ஒட்டினா இலையிட நரம்பெல்லாம் தெரியும்" என்று சொன்னேன்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிரச்சின வராதுங்களா டீச்சர்?"

"வராது சேர். நான் பாத்துக்குறேன்."

"வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். நான் அப்போது நினைத்த பிரச்சினைகள் வேறு. பாடத்தின் நடுவே விளையாடுவார்கள், படம் எடுத்துக் கேலி செய்வார்கள், விழுந்து உடையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். சத்தம் போடக் கூடாது, டேட்டா நிறுத்தியிருக்க வேண்டும், மற்றவர் முகத்தைப் படமெடுக்கக் கூடாது. கிழமையில் ஒரு நாள், புதன்கிழமை மட்டும்.

பாடம் நன்றாகத்தான் போனது. கடைசி வரிசை வாங்கில் படுத்துக் கிடந்த பிள்ளைகள்கூட எழும்பி வந்தார்கள். முற்றத்துப் பாசியைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் காட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துதான் இருந்தது. அந்தப் போன்கள் எதுவும் அந்தப் பிள்ளைகளுடையவை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு தாயுடையது, அல்லது தகப்பனுடையது, அல்லது கலியாணமான அக்காவுடையது. புதன்கிழமைகளில் அந்த வீடுகள் போன் இல்லாமல் இருந்தன. அதைப் பற்றி நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பதினோராம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஹந்தானைப் பக்கம், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒற்றை அறை வீடு. மெல்லிய உடம்பு, இரட்டைப் பின்னல், எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். போய் நாலு வருடம். அப்பா கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை ஒன்றில் வேலை. வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். லீவில் ஊருக்கு வந்த யாரிடமோ அம்மா ஒரு நல்ல போனைக் கொடுத்தனுப்பியிருந்தாள். வகுப்பிலேயே நல்ல கெமரா அதில்தான் இருந்தது. ஓடும் பொருளை மெதுவாக்கிக் காட்டும் வசதியும் இருந்தது. அப்பாவின் பொக்கெட்டில் இருக்கும் அந்தப் போன் புதன்கிழமைகளில் அவளுடைய புத்தகப் பையில் இருக்கும்.

அதிகம் பேசாத பிள்ளை. ஆனால் அந்தத் தவணையில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஒருநாள் கொப்பி காட்ட வந்தபோது தானாகவே சொன்னாள்.

"பொங்கலுக்கு அம்மா வர்றாங்க டீச்சர்."

"அல்ஹம்துலில்லாஹ். எத்தின நாளைக்கு மகள்?"

"இனி போக மாட்டாங்க. பரீட்சைக்கு அவங்கதான் என்னைய கூட்டிட்டு வருவாங்களாம்."

வகுப்பில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவளுடைய வாங்கில் பக்கத்தில் இருந்த பிள்ளை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எழுதி எழுதி வெட்டிக்கொண்டு வந்தாள்.

தீபாவளி முடிந்த கிழமை, எங்கள் போன் பாடத்தைப் பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு ஆசிரிய ஆலோசகர் வரப்போவதாக அதிபர் சொன்னார். நன்றாக இருந்தால் மற்றப் பாடசாலைகளிலும் செய்து காட்டச் சொல்வார்களாம். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அலைகள் பாடத்தை எடுத்துக்கொண்டேன். நீளமான சுருளி வில்லொன்றை இரண்டு பிள்ளைகள் பிடித்து ஆட்ட வேண்டும். நடுவில் ஒரு சிவப்பு ரிபன் கட்டியிருக்கும். அதை மெதுவாக்கிப் படமெடுத்துச் சுவரில் காட்டினால், அலை ஓடும்போது ரிபன் தன் இடத்திலேயே ஏறி இறங்குவது தெளிவாகத் தெரியும். பழைய மாணவர்கள் தந்த புரொஜெக்டர் இருந்தது. என்னுடைய போனால் அப்படிப் படமெடுக்க முடியாது. அந்தப் பிள்ளையின் அப்பாவுடைய போன் வேண்டும்.

ஆலோசகர் வருவது வெள்ளிக்கிழமை. நான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தயங்கினாள்.

"வெள்ளிக்கிழம அப்பாவுக்கு போன் வேணும் டீச்சர். அன்னைக்குத்தான் அம்மாவுக்கு லீவு. அவங்க பேசுவாங்க."

"ஒரு நாள்தானே மகள். பாடம் முடிஞ்சதும் கொண்டு போய்க் குடுக்கலாம்."

அவள் தலையாட்டினாள். எனக்கு அது போதவில்லை. மறந்துவிடுவாளோ என்ற பயத்தில் அவளுடைய அப்பாவுக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு ஆசிரியை கையெழுத்துப் போட்டு அனுப்பும் துண்டுக்கு லயத்தில் இருக்கும் ஒரு தகப்பன் முடியாது என்று சொல்ல மாட்டார். அது தெரிந்துதான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை. ஆலோசகர் குடையை உதறிக்கொண்டு வந்து கடைசி வாங்குக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த தலை, மடியில் ஒரு பைல். அதிபர் வாசலில் நின்றார். பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்கள்.

பாடம் தொடங்கியது. இரண்டு பிள்ளைகள் சுருளி வில்லைப் பிடித்து ஆட்டினார்கள். அவள் குந்தியிருந்து படமெடுத்தாள். இனி அதைச் சுவரில் காட்ட வேண்டும். அந்தப் புரொஜெக்டர் வயர் இல்லாமல் போனைப் பிடிக்கும், ஆனால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அதிபரின் அறையிலிருந்த வைஃபையின் கடவுச்சொல் எனக்குத்தான் தெரியும். அவள் கையிலிருந்த போனை வாங்கி, நான்தான் அதை அடித்துக் கொடுத்தேன். எல்லாப் போனுக்கும் விதி எழுதி ஒட்டிய நான், அந்த ஒரு போனுக்கு என் விரலாலேயே அதை மீறினேன்.

சுவரில் படம் வந்தது. வில் பெரிதாக, மெதுவாக அசைந்தது. பிள்ளைகள் "ஆ" என்றார்கள். அவள் போனைக் கையில் பிடித்தபடி சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். ரிபன் மேலே ஏறும் இடத்தில் அவள் படத்தை நிறுத்த வேண்டும், நான் விளக்கம் சொல்ல வேண்டும்.

அவள் நிறுத்தினாள். அப்போதுதான் சுவரின் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியது. சின்ன வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் முகம். பக்கத்தில் தமிழில் எழுத்து.

"வீசா இன்னும் ரெண்டு வருசத்துக்கு போட்டாச்சு."

அது மறைவதற்குள் அடுத்தது வந்தது.

"பொங்கலுக்கு வர முடியாது."

மூன்றாவது கொஞ்சம் பொறுத்து வந்தது. அது மறையாமல் நின்றது.

"பாப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க. பரீட்ச முடியட்டும்."

ஒவ்வொரு எழுத்தும் என் கையளவு பெரிதாக இருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் வாசித்தார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்திலும் புரொஜெக்டரின் வெளிச்சம் விழுந்திருந்தது. முன் வாங்கில் ஒரு பிள்ளை வாயைக் கையால் பொத்தியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைப் பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். புரொஜெக்டரை நிறுத்தியிருக்கலாம். அவளுடைய தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பாடத்தை அப்படியே விட்டிருக்கலாம். ஆலோசகரும் மனிதர்தான். அதற்கெல்லாம் எனக்கு ஒரு நிமிடம்கூட வேண்டியிருக்காது. ஆனால் நான் கடைசி வாங்கைப் பார்த்தேன். அங்கே அவர் பேனையைக் கையில் பிடித்திருந்தார்.

"மகள், அத மேல தள்ளிட்டு செய்யுங்க. நேரம் போகுது."

இதைச் சொன்னது என் வாய்தான்.

அவள் ஒரு விரலால் அதை மேலே தள்ளினாள். பட்டை மறைந்தது. ரிபன் தெரிந்தது. அவள் படத்தை ஓடவிட்டாள், நான் சொன்ன இடத்தில் நிறுத்தினாள், திரும்ப ஓடவிட்டாள். ஒரு பிழை விடவில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னாள்.

"அலை போகுது டீச்சர். ரிபன் போகல."

"சரியான விடை" என்றேன்.

மணி அடித்ததும் ஆலோசகர் எழும்பி வந்தார். "நல்ல பாடம் டீச்சர். நல்லாச் செய்திருக்கிறியள். பிள்ளையளுக்கு நல்லா விளங்கியிருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளையோட ஒருக்காக் கதையுங்கோ" என்றார். ஓம் சேர் என்றேன். அதிபர் அவரைத் தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

ஆசிரியர் அறையில் கேக் வெட்டி வைத்திருந்தார்கள். ஆலோசகர் என்னிடம் எந்த எந்தப் பாடத்துக்குப் போன் சரிவரும் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பக்கத்தில் அவள் நிற்பதைக் கண்டேன். புத்தகப் பையை முன்னால் அணைத்துப் பிடித்திருந்தாள். நான் எழும்பிப் போனேன். உள்ளேயிருந்து என்னை எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு.

"என்ன மகள்?"

"டீச்சர்கிட்ட ஒன்னு கேக்கணும்."

"இப்ப ஆக்கள் வந்திருக்காங்க. நாளைக்கு... நாளைக்கு சனிக்கிழமதானே. திங்கக்கிழம பேசுவம், சரியா?"

"சரிங்க டீச்சர்."

குடை இல்லாமல் முற்றத்தைக் கடந்து போனாள். போனை மட்டும் ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றிப் பிடித்திருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். பாடம் நன்றாகப் போனதை முதலில் சொன்னேன், மற்றதைப் பிறகு. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளயோட பேசினியா?"

"ஓ, பேசின" என்று பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை நான் பேசவில்லை. அவள் வருவாள் என்று பார்த்தேன். அவள் வரவில்லை. அவள் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுத வேண்டும். செவ்வாயும் போனது. அந்தக் கிழமையே, வத்தேகமவில் ஒரு பாடசாலையில் இதே பாடத்தைச் செய்து காட்ட வரும்படி கடிதம் வந்தது. அதற்கு ஆயத்தம் செய்தேன். போய்ச் செய்தேன். கைதட்டினார்கள். ஒரு விடயத்தைப் பேசாமல் நாள் கடத்தினால் பிறகு அதைத் தொடங்குவதற்கே வெட்கமாகிவிடும். எங்கே தொடங்குவது? "போன மாதம் சுவரில் வந்ததே" என்றா?

அவள் பாடசாலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். புதன்கிழமைகளில் போன் கொண்டுவரவில்லை. கேட்டால், "அப்பாவுக்கு வேணும் டீச்சர்" என்பாள். நான் மேலே கேட்பதில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை கொப்பியில் நாள் வெட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒரு பிள்ளைகூட அதைப் பற்றி வெளியே பேசியதாக நான் கேள்விப்படவில்லை. அந்த முப்பத்தேழு பிள்ளைகளும் அவளிடம் என்னைவிட நன்றாக நடந்துகொண்டார்கள்.

பொங்கல் போனது. மாசியில் பெற்றோர் கூட்டம் வைத்தோம். அவளுடைய அப்பா வேலை செய்யும் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். சேர்ட்டில் சீமெந்துத் தூசி. எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"டீச்சர், புள்ள முன்ன மாதிரி இல்லீங்க. சாப்பாடு சரியில்ல. கேட்டா ஒன்னுமில்லங்குது. ஸ்கூல்ல ஏதாவது நடந்துச்சுங்களா?"

"பரீட்சப் பயமாத்தான் ஈக்கும். இந்த வயசுல எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான்" என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்.

"அம்மா வர்றதா இருந்தாங்க டீச்சர். இப்ப வர்ற மாதிரி இல்ல. இன்னும் ரெண்டு வருசம் ஆகும். புள்ளகிட்ட சொல்லல. பொங்கலுக்கு டிக்கட் கெடைக்கலன்னு பொய்தான் சொல்லி வெச்சிருக்கேன். பரீட்ச முடியட்டும்னு பாக்குறோம். தெரிஞ்சா ஒடஞ்சி போயிரும். டீச்சரும் சொல்லிறாதீங்க."

அவருக்குத் தெரியாது. மகள் வாசித்தது அவருக்குத் தெரியாது. அவள் அந்தப் பட்டையை மேலே தள்ளிவிட்டதால், போனில் அந்தச் செய்திகள் திறக்கப்படாதவையாகவே அவர் கைக்குப் போயிருக்கின்றன. அவள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. லயத்தில் அந்த ஒரு அறைக்குள், ஒருவருக்கொருவர் மூன்று மாதமாக அதே விடயத்தை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான்.

சொல்லியிருக்கலாம். "அவளுக்குத் தெரியும். என் வகுப்பில்தான் தெரிந்தது. அதற்கு நான்தான் காரணம்" என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் கோபப்பட்டிருப்பாரோ, அதிபரிடம் போயிருப்பாரோ தெரியாது. அனேகமாக வீட்டுக்குப் போய் மகளைப் பக்கத்தில் இருத்திப் பேசியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

"சரி, சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார்.

வைகாசியில் சாதாரண தரப் பரீட்சை நடந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு அப்பாதான் வந்தார். முடிவு வந்தபோது அவள் சித்தியடைந்திருந்தாள், ஆனால் விஞ்ஞானத்தில் வெறும் சாதாரண சித்தி. அவளுக்கு அது போதாது என்பது எனக்குத் தெரியும். உயர்தரத்துக்கு எங்கள் பாடசாலைக்கு வரவில்லை. அடுத்த வருடம் எனக்கும் கெலிஓயாப் பக்கத்துக்கு மாற்றம் கிடைத்தது. இப்போதும் போனை வைத்துப் படிப்பிக்கிறேன், ஆனால் பிள்ளைகளின் போனை எந்தத் திரையிலும் போடுவதில்லை. காரணம் கேட்கும் ஆசிரியர்களிடம் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்கிறேன்.

இந்த வருடம் எனக்கு வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. ஒரு பின்னேரம் கண்டியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் என்னைக் கண்டதும், "டீச்சர்!" என்றாள். முடியை வெட்டி, நெற்றியில் சின்னப் பொட்டு வைத்து, வளர்ந்திருந்தாள். அவள் சந்தோசமாகத்தான் பேசினாள். உயர்தரம் கலைப்பிரிவில் எடுத்தாளாம். கடைக்கு வந்து ஆறு மாதமாம். அம்மா போன வருடம் வந்துவிட்டாளாம்.

"நல்லா இருக்காங்களா அம்மா?"

"நல்லா இருக்காங்க டீச்சர். வந்த புதுசுல எனக்கு என்ன புடிக்கும்னே தெரியல அவங்களுக்கு. இப்ப பரவால்ல."

கடையில் வேறு ஆட்கள் இல்லை. நான் கவுண்டரில் இருந்த கண்ணாடிச் சட்டங்களை எடுத்து எடுத்து வைத்தேன். எப்படியாவது இன்றாவது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"மகள், அன்டைக்கு வகுப்புல... அந்த மெசேஜ்..."

அவள் சிரிப்பு குறையவில்லை. "அது முடிஞ்சி போச்சு டீச்சர். பரீட்ச முடிஞ்ச அன்னைக்கு அப்பாவே சொன்னாரு. அப்பதான் தெரிஞ்ச மாதிரி நானும் அழுதேன். பொய்யா அழணும்னுதான் ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல. இன்னமும் அப்பா அவருதான் மொதல்ல சொன்னதா நெனச்சிட்டு இருக்காரு."

"அன்டைக்கு நீங்க என்கிட்ட என்ன கேக்க வந்தீங்க?"

அவள் ஒரு துணியை எடுத்து ஒரு கண்ணாடியைத் துடைத்தாள். "எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லவா வேணாமான்னு கேக்கத்தான் வந்தேன். எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொன்னா கேப்போம்னு நெனச்சேன். அப்புறம் திங்கக்கிழம நீங்க கூப்புடுவீங்கன்னு இருந்தேன்."

"நான் கூப்பிடல்ல" என்றேன். "பயம் மகள். எனக்கு வெட்கமா இருந்த. என்ன மன்னிச்சிடுங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க டீச்சர்."

அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பிரிந்திருப்போம். ஆனால் மற்றதையும் இறக்கி வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. மாசி மாதக் கூட்டத்தில் அவளுடைய அப்பா என்னிடம் வந்ததையும், சொல்ல வேண்டாம் என்று கேட்டதையும், நான் சரி என்றதையும் சொன்னேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப உங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருந்துச்சா டீச்சர்?"

"ஓ மகள்."

"மாசியிலயே?"

"மாசியிலயே."

அவள் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாசியிலிருந்து வைகாசிவரை எத்தனை நாள் என்று நினைத்திருப்பாள். அத்தனை நாளும் அந்த அறையில் அவர்கள் எப்படி உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பிறகு பில் புத்தகத்தை இழுத்து, என் பெயரையும் கண்ணின் அளவையும் அதே குண்டு எழுத்தில் எழுதினாள்.

"செவ்வாக்கிழம ரெடியாகும் டீச்சர். நாலு மணிக்கு மேல வாங்க."

செவ்வாய்க்கிழமை போனேன். வேறொரு பெண் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்து, வாசித்துப் பார்க்கச் சொல்லி ஒரு அட்டையை நீட்டினாள். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. உள் அறையின் திரைக்குப் பின்னால், யாருக்கோ சட்டத்தின் விலை சொல்லிக்கொண்டிருந்த அவளுடைய குரல் கேட்டது. வெளியே வருவாளோ என்று கொஞ்சநேரம் நின்றேன். வரவில்லை. அந்தப் பெண்ணிடம் அவளைக் கூப்பிடச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.